பூங்கா என்று எழுதப்பட்ட நிலம்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பொதுவெளிக் காப்பு

பொதுவெளி பல பெயர்களில் இருக்கிறது. மனைப்பிரிவில் பூங்காவுக்கென விடப்பட்ட நிலம், விளையாட்டுத் திடல், ஏரி உள்வாய், மேய்க்கால் புறம்போக்கு, மலையடிவாரம், வயலுக்கும் கோயிலுக்கும் மயானத்துக்கும் போகும் வண்டிப்பாதை எல்லாம் இதில் அடங்கும். காசு கொடுக்காமலும் யாரிடமும் அனுமதி கேட்காமலும் நடக்க, உட்கார, விளையாட எவருக்கும் உரிமையுள்ள இடங்கள் இவை. இவற்றை விற்பனைக் கட்டடங்களிடமிருந்தும் மனை வணிகத்திடமிருந்தும் குவாரிகளிடமிருந்தும் காப்பது எப்படி என்ற கேள்விக்குப் பெருநகரங்களை வைத்தே பெரும்பாலும் பதில் தேடப்படுகிறது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற நடுத்தர ஊர்களில்தான் கேள்வி இன்னும் அவசரமானது. பெருநகரம் தன் பொதுவெளியில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டது. இந்த ஊர்கள் இழந்துகொண்டிருக்கின்றன.

தென்னாற்காட்டைப் பிரித்து 1993 செப்டம்பர் 30 அன்று அமைந்தது விழுப்புரம் மாவட்டம். 2019-இல் கள்ளக்குறிச்சி தனியே போன பிறகு, எஞ்சிய மாவட்டத்தின் இரு பெரிய நகரங்கள் விழுப்புரமும் திண்டிவனமும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை இரண்டையும் தொட்டுச் செல்கிறது. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சாலைகள் பிரிகின்றன. விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. சாலை அகலமானதும் ஓரத்து நிலம் மனையாகிறது, மனை விலை ஏறுகிறது. விலை ஏறிய ஊரில் முதலில் பறிபோவது கேட்க ஆளில்லாத நிலம். அதைப் பறிப்பது தனியார் மட்டும் என்று நினைப்பது தவறு. அலுவலகம், குடிநீர்த் தொட்டி, பேருந்து நிலையம் என்று பொதுப்பயனின் பெயராலேயே பொதுவெளி கரைந்த கதை தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. சென்னை கிண்டிக் காட்டிலிருந்து கல்வி நிறுவனங்களுக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்த பிறகு மிஞ்சியதுதான் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கொடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் நல்ல காரணம் இருந்தது. நல்ல காரணங்கள் சேர்ந்துதான் காடு குறைந்தது.

சட்டம் எதைக் காக்கிறது

தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டமே உண்டு. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் 1959-இல் வந்தது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்கா, திடல், திறந்தவெளி ஆகியவற்றுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும்; பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதியின்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். இதற்குள் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. பட்டியலில் ஏறாத இடத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. ஏறிய இடத்தையும் அரசு நினைத்தால் மாற்றலாம்.

1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. தனியார் நிலம் ஒன்று திட்ட வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணத்தில் குறிக்கப்படலாம். ஆனால் மூன்று ஆண்டுக்குள் அதை அரசு கையகப்படுத்தாவிட்டால், அந்த ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்கிறது சட்டத்தின் 38-ஆம் பிரிவு. நில உரிமையாளரைப் பத்தாண்டுக் கணக்கில் காக்கவைப்பது நியாயமில்லை என்பதால் இந்தப் பிரிவு தேவைதான். விளைவு என்னவோ ஒன்றுதான்: கையகப்படுத்தப் பணம் ஒதுக்காத ஊரில் வரைபடத்துப் பூங்கா வரைபடத்திலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாண்டு கழித்து நில உரிமையாளர் உயர் நீதிமன்றம் போனால் தீர்ப்பு பெரும்பாலும் அவர் பக்கமே வரும்.

நீதிமன்றங்கள் பல நேரம் சட்டப்புத்தகத்தைவிட உறுதியாக நின்றிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. லக்னோவின் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் மாநகராட்சியின் சம்மதத்தோடு எழுந்துகொண்டிருந்த நிலத்தடி வணிக வளாகத்தை இடித்து, பூங்காவை முன்போல் ஆக்கித்தர வேண்டும் என்று 1999-இல் அதே நீதிமன்றம் சொன்னது. பியாஸ் ஆற்றங்கரை விடுதி தொடர்பான வழக்கின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் இல்லை, மக்களின் சார்பில் அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது. கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களுக்கே வரன்முறைப்படுத்திக் கொடுக்கும் வழக்கத்தை 2011-இல் ஜக்பால் சிங் வழக்கின் தீர்ப்பு கண்டித்து, மாநிலங்கள் அவற்றை மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கீழ்நீதிமன்றம் முதல் உயர் நீதிமன்றம் வரை இன்று ஏரி, குளம், பூங்கா வழக்குகளில் இந்தத் தீர்ப்புகளே எடுத்துக்காட்டப்படுகின்றன.

ஆனாலும் வழக்குப் போட ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் ஆவணம் வேண்டும். பெங்களூர் வழக்கில் அந்த இடம் பூங்கா என்று எழுத்தில் இருந்தது. நடுத்தர ஊர்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்த எழுத்துதான்.

மனைப்பிரிவும் முப்பத்தைந்து சென்ட்டும்

நகரத்துக்குப் புதிய பூங்கா எங்கிருந்து வருகிறது? அரசு விலை கொடுத்து வாங்குவது அபூர்வம். மனைப்பிரிவு போடுபவர் விட்டுக்கொடுக்கும் திறந்தவெளி ஒதுக்கீடுதான் பெரிய வழி. பத்திர அலுவலகத்திலும் நகராட்சியிலும் இதை ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைந்தால், 3,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. 3,000-க்குக் கீழே எதுவும் வேண்டாம்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு முப்பது விழுக்காடு போனால், மீதியில் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 35 சென்ட். பிள்ளைகள் பந்து விளையாடவும் முதியவர்கள் மாலையில் சுற்றி நடக்கவும் போதுமான இடம். அதே ஐந்து ஏக்கரை இரண்டு ஏக்கருக்கு மிகாத துண்டுகளாகப் போட்டு வெவ்வேறு பெயரில் அனுமதி வாங்கினால், ஒவ்வொரு துண்டும் 10,000 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். பணம் கணக்கில் ஏறும். அந்தத் தெருவில் பூங்கா வராது.

நிலமாகவே கிடைத்த இடங்களின் கதையும் நல்லபடியாக இல்லை. மனை விற்கும்போது அச்சடித்த வரைபடத்தில் ஊஞ்சலும் மரமும் வரைந்து 'பூங்கா' என்று எழுதியிருப்பார்கள். தானப் பத்திரம் பதிவாகும். அதன் பிறகு பத்தாண்டுக்கு அந்த மூலையில் எதுவும் நடக்காது. சீமைக் கருவேலம் முளைக்கும். கட்டட இடிபாடு கொட்டப்படும். எதிர்வீட்டுக்காரர் மாடு கட்டுவார். சிறிய கோயில் ஒன்று எழும்பும். பிறகு மின்மாற்றி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ரேஷன் கடை. தொட்டியும் கடையும் தெருவுக்குத் தேவையானவையே என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். வேலி போட்டு நாலு மரம் வைத்திருந்தால் அந்த இடத்தை எடுக்கக் கை கூசியிருக்கும். பயன்பாட்டில் இல்லாத பூங்காவை எல்லாரும் காலி மனையாகவே பார்க்கிறார்கள்.

அங்கீகாரமில்லா மனைப்பிரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். இத்தகைய மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. மனைகளை நம்பி வாங்கிய சாதாரணக் குடும்பங்களுக்கு அது அவசியமான நிவாரணம். ஆனால் மனையெல்லாம் விற்றுத் தீர்ந்த இடத்தில் பூங்காவுக்கு நிலம் கேட்டு எங்கே போவது? விட்டுப்போன திறந்தவெளியைக் கட்டணமாகத்தான் ஈடுகட்ட முடியும். ஒரு தலைமுறைக்கான விளையாட்டு இடம் அப்படியே இல்லாமல் போயிற்று.

நகரவாசி ஒருவருக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்பது மத்திய அரசின் நகர்த் திட்ட வழிகாட்டு நெறி. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகராட்சியின் மக்கள்தொகை 96,000-ஐத் தாண்டியது. திண்டிவனத்தில் 72,000-க்கு மேல். குறைந்த அளவையே எடுத்தாலும் விழுப்புரத்துக்கு 96 ஹெக்டேர் வேண்டும். இரு நகரங்களும் அந்தக் கணக்குக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன என்பதை எந்தத் தெருவில் நடந்தாலும் காணலாம்.

பூங்காவைப் போலவே ஏரியும் பொதுவெளி. ஏரி நிலத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் சாட்சி. ஏரியாக இருந்த தாழ்நிலத்தில் கட்டப்பட்ட நிலையம் அது. பெருமழை பெய்தால் பேருந்துகள் நிற்கும் இடம் குளமாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. அது வணிகத்துக்காக எடுத்த இடம் கிடையாது, பயணிகளுக்காக எடுத்ததே. பொதுவெளியைப் பொதுப்பயனுக்கு எடுத்தாலும் விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

திருவக்கரைக் கல்மரங்கள்

இந்த வட்டாரத்தின் மிகப் பழைய பொதுப்பூங்கா, திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பக்கம், வானூர் வட்டத்துத் திருவக்கரையில் இருக்கிறது. அவ்வூர்க் கோயிலின் வக்ரகாளியம்மன் சன்னிதிக்குப் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் வருகிறது. கோயிலுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவுக்கு அந்தக் கூட்டத்தில் சிறு பகுதியே போகிறது.

செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டில், முட்புதர்களுக்கு இடையே அடிமரங்கள் கிடக்கின்றன. தூரத்தில் பார்த்தால் வெட்டிப்போட்ட மரம், தொட்டால் கல். வளையங்களும் கணுக்களும் நார் ஓட்டமும் அப்படியே தெரிகின்றன. வெடித்த இடங்களில் உள்வைரம் பளபளக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் இவை. மரத்தின் பொருள் சிறிது சிறிதாகக் கரைந்து, அந்த இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. கிளை, இலை, வேர் எதுவும் இல்லாததால், வேறெங்கோ வளர்ந்து நீரில் உருண்டு வந்தவை என்று புவியியலார் கருதுகிறார்கள். 3 முதல் 15 மீட்டர் நீளம் வரை ஏறத்தாழ 200 மரங்கள் கணக்கில் உள்ளன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னெரா இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940-இல் பூங்கா அமைந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கிறது. ஒன்பது திட்டுகளாகப் பிரிந்து கிடக்கும் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 247 ஏக்கர், அதாவது 100 ஹெக்டேர். விழுப்புரம் நகரம் முழுவதற்கும் குறைந்தபட்சமாகத் தேவைப்படும் திறந்தவெளியின் அளவு இது. இதில் மக்கள் சுற்றிப் பார்க்கத் திறந்திருப்பது சிறு பகுதி மட்டுமே.

ஒன்பது திட்டாகப் பிரிந்து கிடப்பதுதான் காப்பின் முதல் சிக்கல். ஒரே வளாகமாக இருந்தால் ஒரே வேலி போதும். திட்டுகளுக்கு இடையில் இருக்கும் நிலம் வேறு கைகளில் இருக்கிறது. இரண்டாவது சிக்கல், அதே வட்டாரத்துப் பாறை. திருவக்கரைச் சுற்றுப்பகுதி கருங்கல் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் பேர்போனது. மாவட்டத்து நெடுஞ்சாலைகளுக்கும் புதுச்சேரிக் கட்டடங்களுக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் இங்கிருந்து லாரி லாரியாகப் போகின்றன. வெடி வைக்கும்போது அதிர்வு, சாலையெங்கும் தூசி, கைவிட்ட குவாரிகளில் ஆழக்கிடக்கும் பச்சைத் தண்ணீர் எல்லாம் பூங்காவுக்கு வருபவர் வழியிலேயே காண்பவை. குவாரியை நம்பிப் பல குடும்பங்கள் பிழைப்பதும் உண்மை. ஆனால் கருங்கல் தமிழ்நாட்டில் வேறு எத்தனையோ இடங்களில் கிடைக்கும்; இரண்டு கோடி ஆண்டுப் பழைய அடிமரம் அப்படிக் கிடைக்காது.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் துணை நிற்கிறது? 'தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்' என்ற பட்டம் திருவக்கரைக்கு இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்துக்கும், சென்னை பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறைக்கும் அதே பட்டம் உண்டு. பட்டம் கொடுத்தது புவியியல் ஆய்வுத் துறை. அதன் பின்னால் தனிச் சட்டம் இல்லை. தொல்லியல் நினைவுச்சின்னம் என்றால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கியே கட்ட வேண்டும். கல்மரத்துக்கு அப்படி ஒரு வளையம் சட்டத்தில் கிடையாது. புவிமரபுத் தலங்களுக்கென ஒரு மசோதாவின் வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. அது சட்டமாகாத வரை, வேலிக்கு உள்ளே இருப்பது மட்டுமே பத்திரம்.

குவாரி விதிகளும் நிலையாக இல்லை. தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021 நவம்பரில் ஆணையிட்டது. 2022 டிசம்பரில் அதே ஆணையிலிருந்து காப்புக்காடுகளை நீக்கியது. ஓராண்டுக்குச் சற்றே மேல் தாக்குப்பிடித்த காப்பு அது. புவியியல் நினைவுச்சின்னங்களைப் பெயர் சொல்லி அந்த ஒரு கிலோமீட்டர் பட்டியலில் சேர்ப்பது அரசுக்குப் பெரிய செலவு வைக்காத வேலை. திருவக்கரைக்கு இன்று உடனடியாகச் செய்யக்கூடியது அதுவே.

கழுவெளி

மரக்காணத்துக்கும் வானூருக்கும் இடையே கடலோரமாக நீண்டு கிடக்கும் கழுவெளி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. திண்டிவனம், வானூர்ப் பகுதி ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இதில் வந்து சேர்கிறது. எடையன்திட்டுக் கழிமுகம் வழியே கடலோடு தொடர்பு. மழைக்காலத்தில் நன்னீர், கோடையில் உவர்ப்பு என்று மாறிக்கொண்டே இருப்பதால் பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை முதல் வடக்கிலிருந்து வலசை வரும் கரையோரப் பறவைகள் வரை இங்கே தங்குகின்றன.

பதிவேட்டில் நீண்ட காலம் புறம்போக்காகக் கிடந்த இந்த நிலத்தின் ஓரங்களை விவசாயமும் இறால் குட்டைகளும் அரித்தன. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தமிழகத்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடு முழுவதற்கும் எல்லைக்கோடு போட்டது. கழுவெளிக்குத் தனிக் காப்பு 2021 டிசம்பரில்தான் வந்தது. 5,151.6 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்த்து, பன்னாட்டு ஈரநிலப் பட்டியலான ராம்சாரில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பெயரில்லாத புறம்போக்கு மூன்றாண்டுக்குள் உலகப் பட்டியலில் ஏறியது இந்த மாவட்டத்தின் பெரிய வெற்றி.

இங்கேயும் பொதுப்பயன் பொதுவெளியோடு மோதுகிறது. கழிமுகத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகங்கள் கட்டும் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கானது. படகு நிறுத்தப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்று கேட்கும் மீனவரின் கோரிக்கை நியாயமானது. கழிமுகத்து மணல்திட்டையும் நீரோட்டத்தையும் கெடுத்தால் இறாலும் மீனும் குஞ்சு பொரிக்கும் இடம் கெட்டு, அதே மீனவரின் வலைதான் வெறுமையாகும் என்பதும் உண்மை. இத்தகைய இடங்களில் முழுமையான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தவிர்த்துவிட்டு அனுமதி கொடுப்பது எந்தத் தரப்புக்கும் நன்மை செய்யாது.

செஞ்சியும் ஆரோவில்லும்

செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளுக்கும் அவற்றில் ஏறும் படிப்பாதைகளுக்கும் இந்த வட்டாரத்திலேயே பலமான காப்பு இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் 100, 200 மீட்டர் வளையங்கள் அங்கே செல்லும். 2025 ஜூலையில் 'மராத்தியப் படையரண் நிலத்தோற்றங்கள்' என்ற தலைப்பில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. ஆபத்து இனிமேல்தான். உலகப் புகழ் வந்த இடத்தைத் தேடி விடுதிகளும் வாகன நிறுத்தங்களும் வரும். 300 மீட்டருக்கு அப்பால் கோட்டையின் பார்வைப் பரப்பை மறைக்கும் உயரமான கட்டடங்களுக்கு இப்போதே உயர வரம்பு வைத்துவிடுவது நல்லது.

ஆரோவில் வேறு வகைச் சிக்கல். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய இந்தக் குடியிருப்பு, மண் அரித்துப் பாளம் பாளமாக வெடித்திருந்த செம்மண் மேட்டில் மரம் நட்டுக் காடாக்கியது. அந்தக் காட்டின் ஊடே நகரத் திட்டத்தில் வரைந்திருந்த வட்டச் சாலையை அமைக்க 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டபோது, குடியிருப்பாளரில் ஒரு பகுதியினர் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். 2022 ஏப்ரலில் தீர்ப்பாயம் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, ஆரோவில் அறக்கட்டளையின் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கீகரித்த திட்டத்தின்படி நகரம் அமைக்கிறோம் என்பது அறக்கட்டளையின் வாதம்; அரை நூற்றாண்டாக வளர்த்த மரங்களையும் நீரோடும் வழிகளையும் ஒட்டிச் சாலையை வளைக்கலாம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். யார் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று தெளிவாகிறது: மக்கள் நட்டு வளர்த்த காடு அரசுப் பதிவில் காடாக ஏறியிருக்காவிட்டால், நீதிமன்றத்தில் அதற்குக் காட்டுக்குரிய காப்பு கிடைப்பது அரிது.

பாதைகள்

பூங்காவையும் ஏரியையும் பேசுகிற அளவு பாதையை யாரும் பேசுவதில்லை. கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் வண்டிப்பாதைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. சில 'பாதை புறம்போக்கு' என்று தனிப் புல எண்ணோடு இருக்கும். சில பட்டா நிலத்தின் ஊடே புள்ளிக்கோடாக ஓடும். முதல் வகையை யாரும் விற்க முடியாது. இரண்டாவது வகைதான் மனைப்பிரிவு போடும்போது காணாமல் போகிறது. இருபுறத்து நிலத்தையும் ஒருவரே வாங்கிவிட்டால், சுற்றுச்சுவர் எழுப்பிப் பாதையை உள்ளே அடைத்துக்கொள்ளலாம். வயலுக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டிய நிலை வந்த பிறகே ஊருக்குத் தெரியும். தலித் குடியிருப்புகளின் மயானப் பாதை இப்படி அடைபட்டால், சாவு வீட்டில் உடலை வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் மலைக்குக் காவடியோடு நடப்பவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு ஒதுங்கி நடப்பதற்கும், பழைய ஒற்றையடிப் பாதைகள் மறைந்ததற்கும் தொடர்பு உண்டு.

இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வட்டாரத்து நடைபாதையையும் கணக்கெடுத்து உறுதியான வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. அதில் ஏறிய பாதை தனியார் வயலின் நடுவே போனாலும் உழவர் அதை மூட முடியாது. நடப்பவருக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் புதிதாக வரைபடம் வரைய வேண்டிய தேவையே இல்லை. புலப்படம் ஏற்கெனவே கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் புலப்படத்துப் பாதை ஒவ்வொன்றும் திட்ட வரைபடத்தில் எங்கே போகிறது என்று காட்டச் சொன்னால் போதும்.

மேம்பாடு என்ற பெயரில்

பூங்காவுக்குள்ளேயே வரும் வணிகத்தைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். நகராட்சிக்குப் பராமரிக்கப் பணமில்லை என்று பூங்காவைக் குத்தகைக்கு விடுகிறார்கள். முதலில் நுழைவுக் கட்டணம், பிறகு உணவுக்கடை, பிறகு நிகழ்ச்சிக்கு வாடகை. மண் தரையில் சிமென்ட் கல் பதித்து, புல்லுக்கு விளக்கு போட்டு, செல்ஃபி எடுக்கப் பெயர்ப்பலகை வைத்துத் திறப்பு விழா நடத்துகிறார்கள். கல் பதித்த தரையில் மழைநீர் இறங்காது. மர வேருக்கு மூச்சுமுட்டும். காலையில் நடக்க வருபவரும் பிற்பகலில் நிழலுக்கு ஒதுங்கும் கூலித்தொழிலாளரும் கட்டணம் வைத்தால் வரமாட்டார்கள். கழிப்பறையும் குடிநீரும் காவலாளும் பூங்காவுக்குத் தேவை. அவற்றுக்கு மேலே கட்டப்படும் ஒவ்வொரு சதுர அடிக்கும் நகர்மன்றத்தில் காரணம் கேட்கப்பட வேண்டும்.

ஆக, இந்த வட்டாரத்தில் காப்பாற்றப்பட்ட இடங்களையும் பறிபோன இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பதிவில்தான் தொடங்குகிறது. செஞ்சிக்குச் சட்டத்தில் வளையம் இருக்கிறது. கழுவெளிக்கு அறிவிப்பு வந்தது. திருவக்கரைக்கு வேலியோடு காப்பு நின்றுவிட்டது. மனைப்பிரிவுப் பூங்காக்களோ தானப் பத்திரத்தோடு மறக்கப்பட்டன. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் பட்டியலை விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள் புல எண்ணோடும் பரப்போடும் அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஓ.எஸ்.ஆர். நிலத்திலும் எல்லைக்கல்லும் பெயர்ப்பலகையும் நட வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி அந்தப் பட்டியலை யாரும் கேட்கலாம்; 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். மனைப்பிரிவுகளில் குடியிருப்போர் தங்கள் தெருப் பூங்காவின் தானப் பத்திர நகலை இந்த ஆண்டே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கென்று வரும் நாளில் நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.